மடனும் பேதைமையும்: பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யைக் கொங்கு மேடைக்கு மீட்டுருவாக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

பழைய நகைச்சுவை நாடகத்தை இன்றைய பார்வையாளருக்காக மீண்டும் மேடையேற்றும்போது காலம் கடந்த பொருள்களையும் சொற்களையும் புதுப்பித்தாலே போதும் எனும் கருத்து பொதுவாக நிலவுகிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நான்கு நிலைக்களன்களுள் மடன், பேதைமை ஆகிய இரண்டும் இந்நாடகத்தில் வேலைக்காரனுக்கும் முதலாளிக்குமாகப் பிரிந்து அமைந்துள்ளன. மீட்டுருவாக்கத்தில் இப்பிரிவு கலையுமானால் நகை முழுவதும் வேலைக்காரனை எள்ளுவதாகச் சுருங்கிவிடும். பல்லடம் போன்ற தொழில்நகரின் பார்வையாளரையும் கொங்கு வட்டார வழக்கின் மரியாதை விகுதியையும் கருத்திற்கொண்டு, இந்நாடகத்தில் மாற்றத்தக்கன, மாற்றத்தகாதன எவை என்பதைக் கட்டுரை வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பம்மல் சம்பந்த முதலியார், சபாபதி, மெய்ப்பாட்டியல், மடன், பேதைமை, கொங்கு வழக்கு, மீட்டுருவாக்கம்.

1. முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் துன்பியல் நாடகங்களும் புராண நாடகங்களும் பெற்ற ஆய்வுக் கவனத்தை நகைச்சுவை நாடகங்கள் பெறவில்லை. சிரிப்பு அந்தந்தக் காலத்திற்கே உரியது, அதனை மீட்டெடுக்க இயலாது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) ‘சபாபதி’ அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற நாடகமாகும். முதற்பாகம் பெற்ற வரவேற்பால் தொடர்ந்து வேறு பாகங்களையும் ஆசிரியர் எழுதினார். 1941இல் இது திரைப்படமாகவும் வெளிவந்து வெற்றிபெற்றது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைவுற்றதால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி 2024ஆம் ஆண்டு முடிவோடு அவர் நாடகங்களுக்கான உரிமைக் காலமும் முடிந்தது. எந்தக் குழுவும் தடையின்றி மேடையேற்றலாம் என்னும் நிலையில், எவ்வாறு மேடையேற்றுவது என்ற வினா முன்னிற்கிறது.

இவ்வினாவைச் சென்னையின் சபா மேடையிலிருந்து எழுப்பாமல் பல்லடத்திலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. விசைத்தறிக் கூடங்களும் கறிக்கோழிப் பண்ணைகளும் நிறைந்த இவ்வூரில், முதலாளி ஏவுவதும் தொழிலாளி அதனைச் செய்வதும் அன்றாட வாழ்வின் பகுதியாகும். ‘சபாபதி’யின் நகை முழுவதும் ஏவலுக்கும் செயலுக்கும் இடையே பிறக்கிறது. எனவே, இந்நாடகம் இங்கு மேடையேறினால் அதனைக் காண்போர் ஏவல் என்னும் உறவை நாள்தோறும் வாழ்பவராக இருப்பர். அவர்களை யாரைப் பார்த்துச் சிரிக்கச் செய்கிறோம் என்பது அழகியல் வினாவாக மட்டும் நிற்காது, அறவினாவும் ஆகும்.

2. ஒழுகலாற்று நகைச்சுவையும் காலமும்

ஒரு சமூகப் பிரிவினரின் பேச்சு, உடை, விருந்தோம்பல், திருமணப் பேரம், கல்விப் பெருமை முதலிய ஒழுகலாறுகளை நகைக்கும் நாடக வகையை ஒழுகலாற்று நகைச்சுவை எனலாம். பிரெஞ்சில் மோலியேரும் ஆங்கிலத்தில் காங்கிரீவ், ஷெரிடன் முதலியோரும் இதன் முன்னோடிகள். மோலியேரின் 1670ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில், செல்வ வணிகன் ஒருவன் உயர்குடியினனாகத் தோன்ற விரும்பி இசைக்கும் நடனத்திற்கும் வாட்போருக்கும் தத்துவத்திற்கும் தனித்தனி ஆசிரியர்களை அமர்த்திக்கொள்கிறான். பணத்தால் வாங்க முடியாத ஒன்றைப் பணத்தால் வாங்க முயல்வதே அங்கு நகைக்குரியதாகிறது.

இவ்வகை நாடகம் பழமையாகும் விதம் தனித்தன்மை உடையது. துன்பியல் நாடகத்தில் இறப்பும் பிரிவும் எக்காலத்தும் விளங்கும். ஒழுகலாற்று நகைச்சுவையிலோ, எது ஒழுங்கு என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிந்திருந்தால்தான் ஒழுங்கின் மீறல் நகையாகும். ஒழுங்கு மறைந்துவிட்டால் மீறலும் உடன் மறைந்துவிடும்.

தெலுங்கில் குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ இதற்கு ஒரு விடை தருகிறது. 1892இல் முதன்முதலில் மேடையேறி 1897இல் நூலாக வந்த அந்நாடகம், பெண்ணுக்கு விலை பெற்று முதியவர்க்கு மணமுடிக்கும் வழக்கத்தைச் சாடியது. அவ்வழக்கம் வழக்கிறந்த பின்னரும் நாடகம் வாழ்கிறது. அதன் நீளத்தைச் சுருக்கி மேடையேற்றுவோர் கதைமாந்தரின் பேச்சுமொழியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அரைகுறை ஆங்கிலத்தால் ஊரை ஏய்க்கும் கிரீசம் என்ற பாத்திரம் இன்றும் அடையாளம் காணத்தக்கதாக இருப்பதற்கு அம்மொழியே காரணம். சாடப்பட்ட வழக்கம் மறைந்தாலும், அதனைச் சூழ்ந்திருந்த பேச்சொழுங்கு கேட்குமாறு காக்கப்பட்டால் நகை நிலைக்கும் என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

3. பம்மலும் ‘சபாபதி’யும்

1891இல் சென்னைக்கு வந்த பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட ஊக்கத்தால் அதே ஆண்டில் சுகுண விலாச சபை தோன்றியது. தொழில்முறைக் குழுக்கள் விடிய விடியப் பாடல் மிகுந்த நாடகங்களை நடத்திய காலத்தில், கற்றோர் பொழுதுபோக்காக நடிக்கும் பயில்முறைச் சபையாக அது அமைந்தது. வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய பம்மல், உரைநடை உரையாடலை முதன்மையாகக் கொண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’ எனத் தமிழாக்கிய அவர், மோலியேரின் ஸ்காப்பன் பற்றிய நாடகத்தைக் ‘காளப்பன் கள்ளத்தனம்’ எனத் தழுவினார். மேலை நாட்டு நகைச்சுவை மரபின் சூழ்ச்சிக்கார வேலைக்காரனை அவர் நன்கறிந்தவர் என்பது இதனால் விளங்கும்.

‘சபாபதி’யில் அவர் அந்த வேலைக்காரனைத் தலைகீழாக்குகிறார். ஸ்காப்பன் தன் அறிவால் முதலாளிகளை ஏமாற்றுகிறான். சபாபதியோ ஏமாற்றுவதில்லை, சொன்னதைச் சொன்னபடியே செய்கிறான். விளைவு இரண்டிடத்தும் ஒன்றே: முதலாளியின் வீட்டொழுங்கு குலைகிறது.

நாடகத்தின் அடிப்படை உத்தி பெயரில் உள்ளது. செல்வனான முதலியாருக்கும் அவர் வேலைக்காரனுக்கும் பெயர் ஒன்றே, சபாபதி. தமிழ்ச் சமூக வழக்கில் மேலோர் பெயரைக் கீழ்நிலையில் உள்ளோர் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனவே வேலைக்காரன் முதலாளியின் பெயரைச் சொல்ல வாய்ப்பே இல்லை. முதலாளியோ வேலைக்காரனை அதட்டி அழைக்கும் ஒவ்வொரு முறையும் தன் பெயரையே ஏகவசனத்தில் அதட்டுகிறார். தாழ்த்தும் சொல் தாழ்த்துவோரிடமே திரும்பிவந்து சேரும் இவ்வமைப்பை நாடகத்தின் கருவாகக் கொள்ளலாம்.

4. நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியம் நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுக்கிறது. பேதைமையும் மடனும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றினும் உரைமரபு அவற்றை வேறுபடுத்துகிறது. பேதைமை அறிவின்மை. மடன், பிறர் கொளுத்தக் கொண்டதனை விடாதிருத்தல். முன்னது இல்லாமையால் வருவது. பின்னது பற்றுதலால் வருவது. எள்ளல் தான் பிறரை எள்ளுவதும் பிறர் தன்னை எள்ளுவதும் என இருதிசையும் உடையது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால் ‘சபாபதி’யின் கட்டமைப்பு தெளிவாகிறது. முதலாளியின் நகை பேதைமையில் பிறக்கிறது. தன் நிலைக்கு உரியவை எனச் சமூகம் எதிர்பார்க்கும் கல்வியும் உலகியல் அறிவும் அவரிடம் இல்லை. ஆயினும் அவை இருப்பதுபோல் ஒழுகுகிறார். வேலைக்காரனின் நகை மடனில் பிறக்கிறது. அவன் ஏவலின் சொல்லைப் பற்றிக்கொண்டு, அதன் வழக்குப் பொருளை விட்டுவிடுகிறான்.

ஏவல்மொழி எப்போதும் குறைமொழியாகவே அமைகிறது. ‘கடையைப் பார்த்துக்கொள்’ என்பதில் பார்த்தல் என்பது காத்தலையும் விற்றலையும் கணக்கு வைத்தலையும் உள்ளடக்கும். அச்சொல்லில் இல்லாதவற்றை நிரப்பும் பொறுப்பு ஏவப்படுவோனுக்கு உரியது. கடையில் பொருள் களவுபோகும்போதும் கடையையே பார்த்துக்கொண்டு நிற்பவன், நிரப்ப வேண்டிய அப்பகுதியை நிரப்பாமல் விட்டவனாவான். ஒவ்வொரு ஏவலின் வெற்றியும் ஏவப்படுவோரின் ஊதியமற்ற அறிவுழைப்பைச் சார்ந்தது என்பதை அவன் நடத்தை வெளிப்படுத்துகிறது. அவன் அறிந்து செய்கிறானா, அறியாமல் செய்கிறானா என்பது திறந்தே இருக்கும்போதுதான் நகை முழுமை பெறும். ஒரு பக்கம் முடிவாகிவிட்டால் அவன் வெறும் முட்டாளாகவோ வெறும் சூழ்ச்சிக்காரனாகவோ ஆகிவிடுவான்.

5. திரைவழி வந்த மாற்றம்

ஏ.வி. மெய்யப்பன், ஏ.டி. கிருஷ்ணசாமி ஆகியோர் இயக்கிய 1941ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், கரூரை அடுத்த திருக்காம்புலியூரைச் சேர்ந்த டி.ஆர். ராமச்சந்திரன் முதலாளியாகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். தமிழாசிரியராகக் கே. சாரங்கபாணி தோன்றினார். சோடாவை ‘உடைத்து’க் கொண்டுவரச் சொன்னால் புட்டியையே உடைக்கும் நகைச்சுவை இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளித் திறப்பதையே ‘உடைத்தல்’ என்பது வழக்கு. வேலைக்காரன் அவ்வழக்கை விட்டுச் சொல்லைப் பற்றுகிறான்; இது மடனின் தூய வடிவமாகும்.

பிற்காலத் திரை நகைச்சுவையில் இவ்வடிவம் தொடர்ந்தது. உடுமலைப்பேட்டைப் பகுதியிலிருந்து வந்த கவுண்டமணி, செந்திலுடன் இணைந்து அளித்த இணை நகைச்சுவையை இதன் வழித்தோன்றலாகக் கருத இடமுண்டு. ‘கரகாட்டக்காரன்’ (1989) திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சி இதற்குத் தக்க சான்று. இரண்டு பழம் வாங்கச் சென்றவன் ஒன்றை உண்டுவிட்டு, எஞ்சியதையே கேட்கப்பட்ட மற்றொன்று எனச் சாதிக்கிறான். சொல்லின் அளவில் அவனை மறுக்க முடியாததே எதிரிலிருப்பவரின் சினத்திற்கும் பார்வையாளரின் சிரிப்புக்கும் காரணம்.

ஆயின் திரைமரபு இதனோடு அடியையும் உருவக்கேலியையும் சேர்த்தது. காட்சியின் முடிவில் எள்ளல் வந்து மடனை மூடிவிடுகிறது. இன்றைய பார்வையாளர் இம்மரபில் ஊறியவர். ‘சபாபதி’யை மேடையில் காணும்போது, வேலைக்காரன் பிழைசெய்ததும் அவன் அடிபடுவதை அவர்கள் எதிர்நோக்குவர். இந்த எதிர்பார்ப்புக்கு இணங்கினால் எளிதில் சிரிப்பு கிடைக்கும். ஆனால் முதலாளியின் பேதைமை பார்வையிலிருந்து மறையும்.

6. கொங்கு வழக்கும் ‘ங்க’ விகுதியும்

இந்நாடகத்தின் மூலமொழி அக்காலச் சென்னைக் கற்றோர் வழக்கு. அதனைக் கொங்கு வழக்காக மாற்றுவது இயல்பான தெரிவாகத் தோன்றும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) முதலாகக் கொங்குப் பேச்சு இலக்கியத் தகுதி பெற்றது. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ அதன் சொல்வளத்தைத் தொகுத்தளித்தது. எனவே மொழிமாற்றத்திற்கான கருவிகள் உள்ளன. கவனிக்க வேண்டியது அதன் மரியாதை அமைப்பாகும்.

கொங்கு வழக்கில் ‘ங்க’ என்னும் மரியாதைக் கூறு வினையோடு மட்டும் நிற்பதில்லை. ‘ஏனுங்க’, ‘இல்லீங்க’, ‘ஆமாங்க’ என விளியிலும் விடையிலும் அது பரவி நிற்கிறது. அறியாதாரிடமும் இளையோரிடமும்கூட அது வழங்குவதுண்டு. அதனால் அது இருக்கும்போது காதில் உறைப்பதில்லை; இல்லாதபோதுதான் உறைக்கிறது. ஊரார் அனைவரிடமும் ‘ங்க’ போட்டுப் பேசும் ஒருவர், தம் ஆளிடம் மட்டும் அதனை விட்டுவிட்டு ‘டா’ எனும்போது சமூகப் படிநிலை ஒரே நொடியில் செவிப்படுகிறது. சென்னை வழக்கில் விளக்கம் தேவைப்படும் ஒன்றைக் கொங்கு வழக்கு விளக்கமின்றியே உணர்த்திவிடும்.

வேலைக்காரனின் வாயில் இதே விகுதி வேறு பயன் தருகிறது. அவன் மரியாதையில் குறை வைப்பதில்லை. ‘உடச்சுட்டனுங்க’ என்று முழுப்பணிவோடு அவன் கூறும்போது முதலாளிக்குச் சினங்கொள்ள இலக்கண முறையில் இடமே இல்லை. பணிவின் வடிவம் நிறைவாக இருக்க, பணிவின் பயன் மட்டும் காணாமற்போகிறது.

இங்கு ஓர் இடர் உண்டு. முதலாளி பொதுத்தமிழும் வேலைக்காரன் மட்டும் கொங்குத்தமிழும் பேசுமாறு அமைத்தால், வட்டார வழக்கே அறிவின்மையின் அடையாளமாகிவிடும். திரைப்படங்கள் பலவற்றில் கொங்குப் பேச்சு சிரிப்பூட்டும் கருவியாகவே பயன்பட்ட பின்னணியில், பல்லடத்துப் பார்வையாளர் தம் பேச்சையே கேலியாகக் கேட்க நேரும். ஆகவே இருவரும் கொங்குத்தமிழே பேசுதல் வேண்டும். முதலாளி தம் நிலையை உயர்த்திக்காட்ட விரும்பும் இடங்களில் மட்டும் ஆங்கிலச் சொற்களுக்குத் தாவி, அங்கேயே வழுக்கி விழுதல் பொருத்தம். அவ்வாறாயின் பேதைமை பிறந்த மொழியில் இல்லை, இரவல் மொழியில் உள்ளது என்பது விளங்கும்.

7. மாற்றத்தக்கனவும் மாற்றத்தகாதனவும்

பொருள்களைப் புதுப்பிப்பதற்கு ஓர் அளவுகோல் தேவை. சோடாப் புட்டிக்கு மாற்றாக மடிக்கணினியை வைத்து, வேலைக்காரன் அதனை நீரில் கழுவுவதாக அமைத்தால் காட்சி புதிதாகலாம். ஆனால் அது அவன் மடிக்கணினியை அறியாதவன் என்று மட்டுமே கூறும். மடன் பேதைமையாக மாறிவிடும். நகை ஏழையின் அறியாமைமீது விழும்.

மாறாக, ‘அவருக்கு ஒரு போன் போடு’ என்றதும் கைப்பேசியை அவர்முன் கீழே போடுபவனும், ‘பில்லைக் கிழி’ என்றதும் எழுதிய பற்றுச்சீட்டைத் துண்டுதுண்டாகக் கிழிப்பவனும் மூலத்தின் தருக்கத்தைக் காக்கின்றனர். ‘போடு’, ‘கிழி’ ஆகிய இரு வினைகளும் ‘உடை’ என்பதைப் போலவே சொற்பொருள் ஒன்றும் வழக்குப்பொருள் ஒன்றும் உடையன. பிழை ஏவிய சொல்லில் தொடங்குகிறது. செய்தவன் அதனை முடித்து வைக்கிறான். எனவே, புதிதாகச் சேர்க்கப்படும் எந்த நகைச்சுவையும் இருபொருள்படும் ஒரு ஏவல்வினையைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம்.

இதன்படி பொருள்கள், தொழில்கள், இடம், நாடகத்தின் நீளம் ஆகியன மாற்றத்தக்கவை. ஜமீன் பின்னணியைத் தறிக்கூட உரிமையாளரின் வீடாக்குவதில் தடையில்லை. பெயரொற்றுமை, மரியாதை விகுதியின் ஏற்றத்தாழ்வு, வேலைக்காரனின் உள்ளக்கிடக்கை வெளிப்படாமை ஆகிய மூன்றும் மாற்றத்தகாதவை. ‘சபாபதி’ என்னும் பெயர் பழையதெனக் கருதிப் புதுப்பெயர் இடுவோரும் இருவருக்கும் ஒரே பெயரையே இடவேண்டும்.

நடிப்பு முறையிலும் இதற்கேற்ற கட்டுப்பாடு வேண்டும். வேலைக்காரன் பாத்திரத்தை ஏற்பவர் முகச்சேட்டை செய்து தன்னை முட்டாளாகக் காட்டாமல், ஏவலைக் கவனமாகக் கேட்டு நிதானமாக நிறைவேற்றும் தொழிலாளியின் உடல்மொழியைக் கொள்ளுதல் நலம். ஏவலுக்கும் செயலுக்கும் இடையே ஒரு கணம் அமைதி இருப்பின், பிழையைப் பார்வையாளர் முன்னுணர்ந்து முதலாளியின் சொல்லைத் தாமே மீண்டும் கேட்டுப் பார்ப்பர்.

8. பல்லடத்துப் பார்வையாளர்

நாடகத்திற்கெனத் தனி அரங்குகள் அரிதாக உள்ள ஊர்களில் கல்லூரி அரங்கு, திருமண மண்டபம், கோயில் திருவிழா மேடை ஆகியவையே நாடகக் களங்களாகும். தறிக்கூட உரிமையாளரும் தறி ஓட்டுவோரும் ஒரே கூட்டத்தில் அமரும் வாய்ப்பு அங்கு மிகுதி. பம்மலின் சபை நாடகங்களைக் கண்டோர் பெரும்பாலும் முதலாளி சபாபதியின் வகுப்பைச் சேர்ந்தோராகவோ அதனை அடுத்திருந்தோராகவோ இருந்தனர். அவர்களுக்கு நாடகம் தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் கண்ணாடியாக அமைந்தது. பல்லடத்தில் வேலைக்காரன் சபாபதியும் பார்வையாளர் வரிசையில் வந்து அமர்கிறான். நாடகப் பிரதி மாறாவிட்டாலும் இவ்வொரு மாற்றத்தால் அதன் பொருள் மாறுகிறது.

கூட்டத்தின் இரு பகுதியினரும் ஒரே இடத்தில் சிரித்தாலும் ஒரே காரணத்திற்காகச் சிரிக்கமாட்டார்கள். உரிமையாளர் ‘இப்படித்தான் நம் ஆளும்’ என்று சிரிக்கலாம். தொழிலாளி ‘சொன்னதைத்தானே செய்தான்’ என்று சிரிக்கலாம். மடன் திறந்த நிலையில் காக்கப்பட்டால்தான் இவ்விரு சிரிப்பும் உடன் நிகழும். எள்ளல் மேலோங்கினால் ஒரு பகுதியினர் சிரிக்க, மறுபகுதியினர் சிரிக்கப்படுவர்.

9. முடிவுரை

ஒழுகலாற்று நகைச்சுவையின் மீட்டுருவாக்கத்தில் முதலில் காக்கப்பட வேண்டியது நகைக்கு அடிப்படையான ஒழுங்கு. அவ்வொழுங்கு பேச்சில் உறைவதால், பேச்சின் மரியாதை அமைப்பு அறியப்பட்ட ஒரு வட்டார வழக்கில் நாடகம் புத்துயிர் பெற இயலும். கொங்கு வழக்கின் ‘ங்க’ விகுதி அதற்கு இயல்பான வாய்ப்பை அளிக்கிறது.

மெய்ப்பாட்டியல் பிரித்துணர்த்தும் மடனும் பேதைமையும் ‘சபாபதி’யில் இரு பாத்திரங்களாக நிற்கின்றன. புதிதாகச் சேர்க்கப்படும் நகைச்சுவை இருபொருள்படும் ஏவல்வினையை மையமாகக் கொண்டால் அப்பிரிவு நிலைபெறும். அறியாமையை மையமாகக் கொண்டால் குலையும். மெய்ப்பாட்டுக் கோட்பாடு பழம்பாடல்களை விளக்கும் கருவியாக மட்டும் அமையாமல், இன்றைய நாடக இயக்குநர் தம் பிரதியில் எதை வைப்பது, எதை நீக்குவது எனத் தேர்ந்து துணிவதற்கான அளவுகோலாகவும் பயன்படும் என்பதை இவ்வாய்வு சுட்டுகிறது. பம்மலின் பிற நகைச்சுவை நாடகங்களையும் இவ்வளவுகோலால் ஆராய இடமுண்டு.